உஷார்! ‘உஷார்’ என்று வரும் செய்தியிடம்

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அது வந்து விழுந்தது. மேலே மூன்று சிவப்பு சைரன் பொம்மைகள். கீழே, ‘உஷார்! உஷார்! நம்ம ஏரியாவுல பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு. பாசிமணி, பலூன் விக்கிற மாதிரி வருவாங்க. பிள்ளைங்கள வெளிய விடாதீங்க. எல்லா குரூப்புக்கும் ஷேர் பண்ணுங்க.’ கூடவே ஒரு படம். பேருந்து நிறுத்தத்தில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவர் மடியில் தூங்கும் ஒரு குழந்தை. ஸ்கூட்டரில் போகிறபோது யாரோ எடுத்திருக்க வேண்டும்; படத்தின் ஓரத்தில் வண்டிக் கண்ணாடியின் வளைவு தெரிந்தது.

எட்டு மணிக்குள் நாற்பது பதில்கள். ‘நேத்து நானும் பாத்தேன்.’ ‘செக்யூரிட்டி என்ன பண்றாரு?’ ஒருவர் துப்பறிந்தே முடித்துவிட்டார்: ‘குழந்தையப் பாருங்க, செவப்பா இருக்கு. அவ எப்படி இருக்கா பாருங்க. கண்டிப்பா திருடினதுதான்.’ அதற்குப் பதினேழு கட்டைவிரல்கள்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். நாலைந்து வருடமாக அதே நிறுத்தத்தில் ஊசி, பாசிமணி, காது குடையும் குச்சி, ரப்பர் வளையல் விற்கிறார். என் மகளின் மணிமாலை அறுந்து தரையெல்லாம் சிதறியபோது, பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் கோத்துத் தந்து, காசு வேண்டாம் என்று சொன்னவர். மடியில் இருந்தது அவருடைய பேத்தி. இதைக் குழுவில் எழுதினேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு பதில் வந்தது: ‘உங்களுக்குத் தெரியாது மேடம். அவங்க எல்லாம் அப்படித்தான்.’

சாயங்காலம் மூன்று பேர் நிறுத்தத்துக்குப் போய் அந்தப் பெண்ணின் பையைக் கவிழ்த்திருக்கிறார்கள். ஒருவன் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். எதிரே பூ விற்கும் அம்மா மட்டும் எழுந்து வந்து, ‘எடு கைய. அது அவ பேத்திடா’ என்று கத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உண்மையில், தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2018 ஜூலை 1, மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம், ரெயின்பாடா என்ற மலையோரக் கிராமம். வாரச்சந்தை நாள். நாத்பந்தி டவ்ரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் பிச்சை கேட்டு அந்த ஊருக்குள் வந்திருந்தார்கள். அந்தப் பகுதி முழுவதும் பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் ஒரு குழந்தையிடம் ஏதோ பேசினாராம். அவ்வளவுதான். ஐந்து பேரையும் பஞ்சாயத்து அலுவலக அறைக்குள் தள்ளி அடித்தே கொன்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராகப் போய் யாசித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அறிமுகமில்லாத ஊருக்குள் நுழைவதுதான் அவர்களுடைய தொழிலே. அந்தத் தொழிலே அன்றைக்குக் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

நம் ஊர் அதற்கு இரண்டு மாதம் முந்திக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோவிலுக்கு வந்த ஒரு முதிய பெண் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். பழவேற்காட்டில் ஓர் ஆளை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. இதைக் கண்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம். ஐந்து குழு, குழுவுக்கு இருநூறு பேர் என்றாலே ஆயிரம் பேர் ஆகிவிடுகிறது.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. பொய்ச் செய்தி எல்லா விஷயத்திலும்தான் வருகிறது. ‘இந்த ஏடிஎம்மில் கள்ள நோட்டு வருகிறது’ என்று வந்தால் யாராவது ஒருவராவது ‘எங்கே? யார் சொன்னது?’ என்று கேட்கிறார். பாசிமணி விற்கிறவர் பிள்ளை பிடிக்கிறார் என்று வந்தால் மட்டும் கேள்வியே எழுவதில்லை. படித்தவர், ஐடியில் வேலை செய்கிறவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எல்லாருமே ஒரு நொடியில் நம்பிவிடுகிறார்கள். காரணம், நாம் அதைப் புதிதாக நம்பவில்லை. ஏற்கெனவே நம்பியிருந்ததை யாரோ படத்தோடு ஞாபகப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

சோறு உண்ணாத பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? ‘சாப்பிடலேன்னா குறத்திகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்.’ தலை வாராமல் வந்தால், ‘என்னடி நரிக்குறத்தி மாதிரி?’ சத்தம் போட்டுப் பேசினால் ‘லம்பாடி’. நாகரிகம் தெரியாதவன் ‘காட்டான்’. இவை எல்லாம் ஒரு சமூகத்தின் பெயர் அல்லது அது வாழும் இடத்தின் பெயர் என்பதே நமக்கு மறந்துவிட்டது. வசைச் சொல்லாகவே நாக்கில் பழகிவிட்டது. என் பாட்டி சொன்னாள், என் அம்மா சொன்னாள்; நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சோற்றோடு ஊட்டப்பட்ட பயம்தான் முப்பது வருடம் கழித்து ‘எல்லா குரூப்புக்கும் ஷேர்’ ஆகிறது.

இத்தனைக்கும் நம்முடைய முருகன் தேடிப்போய்க் கட்டிய வள்ளி குறமகள். குற்றாலக் குறவஞ்சியை மேடையில் ஆடினால் பட்டுச் சேலையோடு போய் முன்வரிசையில் உட்காருகிறோம். வாசலில் அதே பெயருக்குரிய ஒருத்தி வந்து நின்றால் கேட்டைச் சாத்துகிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வசையின் முதல் அடையாளமே ஆளை மாற்றிப் பார்ப்பதுதான். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தி மொழிகளோடு உறவுள்ள பேச்சு. வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போய், பாசிமணியும் ஊசியும் திருவிழா பலூனும்தான் வயிற்றுக்கு வழி. குறவர்களோ தமிழ் பேசுகிற, இந்த மண்ணின் பல தொழில்களோடு கலந்த மக்கள். உப்புக் குறவர், தப்பைக் குறவர், கறிவேப்பிலைக் குறவர் என்று அவர்களுடைய உட்பிரிவுப் பெயர்களே தொழிலைச் சொல்லும். இரண்டும் வெவ்வேறு சமூகங்கள், வெவ்வேறு மொழி, வெவ்வேறு கோரிக்கைகள். எங்கள் பெயரை அவர்கள் பெயரோடு ஒட்டாதீர்கள் என்று குறவர் அமைப்புகள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நமக்கோ எல்லாம் ஒன்று. ‘அவங்க எல்லாம் அப்படித்தான்.’

உப்புக் குறவர் என்றேன் அல்லவா, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பொதிமாடுகளின் மேல் உப்பையும் தானியத்தையும் ஏற்றிக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் இவர்கள். சாலை இல்லாத ஊருக்கும் இவர்கள் மாடு போகும். அவர்கள் வராவிட்டால் அந்த ஊர்க் குழம்பில் உப்பு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்தது. உப்பு வியாபாரத்தை வெள்ளைக்கார அரசாங்கம் தன் கையில் இறுக்கிக்கொண்டது. பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. பிழைப்பு போன பிறகும் அவர்கள் ஊர் ஊராகத்தான் சுற்றினார்கள், வேறென்ன செய்வது? நிலையான வீடில்லாமல் சுற்றுகிறவன் எவனும் திருடன் என்று நினைத்த ஓர் அரசாங்கத்துக்கு இது போதும்.

1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் அதைத் திருத்தி விரித்தபோது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பிறந்த சாதிக்காகவே கைரேகை பதிய வேண்டும். ஊரை விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். இரவில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டியிருந்த ஆண்களும் உண்டு. இப்படிப் பட்டியலில் ஏற்றப்பட்ட சமூகங்கள் பல. குறவர் சமூகம் அவற்றில் ஒன்று. அவர்களைக் கொண்டுபோய்ச் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் காவலில் குடியமர்த்திய இடங்களில் ஒன்று, இன்று ஆந்திரத்தில் இருக்கும் ஸ்டூவர்ட்புரம். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் அந்த ஊருக்கு. தெலுங்குச் சினிமாவில் இன்றுவரை அந்த ஊர்ப் பெயர் கொள்ளைக்காரனைக் குறிக்கிற சொல்.

சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க 1952இல். காகிதத்தில் ஒழிந்தது என்று திருத்திச் சொல்ல வேண்டும். சிறை விதிப்புத்தகங்களில் நாடோடிச் சமூகத்தார், குற்றப் பரம்பரையினர் என்கிற ஒதுக்கல் வாசகங்கள் எழுபது வருடத்துக்கும் மேலாக அப்படியே கிடந்தன. 2024 அக்டோபர் 3ஆம் தேதி, சிறைகளில் சாதி பார்ப்பது பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று தள்ளியது. அதாவது, 2024 வரை அரசாங்கமே எங்கள் வாட்ஸ்அப் குழுவின் கருத்தில்தான் இருந்தது என்று ஒருவர் கேலி செய்தால் எனக்கு மறுக்கத் தெரியாது.

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். நரிக்குறவர் என்றதும் நம் காதில் ஒலிப்பது ‘சாமியோவ்’ என்ற இழுப்பு. எங்கள் நிறுத்தத்துப் பெண் நாலைந்து வருடத்தில் ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘அக்கா’ என்பார், என் கணவரை ‘சார்’ என்பார். ‘சாமியோவ்’ நாம் சினிமாவில் கற்றுக்கொண்டு அவர்கள் வாயில் திணித்தது.

ஒரு தேதி வரிசையை மட்டும் பாருங்கள். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965இல். மூன்று வருடம் கழித்து, 1968இல், ‘ஒளிவிளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேடத்தில் ஆடிப் பாடினார்கள், ஊரே கொண்டாடியது. திருவிழா மேடைகளில், பள்ளி ஆண்டு விழாக்களில் இன்றும் அந்த ஆட்டம் உண்டு. அந்தப் பாட்டில் ஆடிய இருவரும் பின்னாளில் முதலமைச்சர்கள் ஆனார்கள். பரிந்துரையோ கோப்புக்குள்ளேயே தூங்கியது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றி, 2023 தொடக்கத்தில்தான் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தார் பட்டியலுக்குள் வந்தார்கள். ஐம்பத்தெட்டு வருடம். வேடத்துக்குக் கைதட்ட ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

பட்டியலில் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2023 மார்ச் 30, சென்னையில் ஒரு பெரிய தியேட்டர். கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். யாரோ வீடியோ எடுத்து அது பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சான்றிதழ்ப் படத்துக்கு அனுமதி இல்லை என்று காரணம் சொன்னது நிர்வாகம். நம் தியேட்டர்களில் கைக்குழந்தையோடு நள்ளிரவுக் காட்சி பார்த்த யாரிடம் வேண்டுமானாலும் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அதற்கு ஒன்றரை வருடம் முன்பு மாமல்லபுரத்தில், கோவில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவர் பெண்ணை எழுப்பிவிட்டார்கள். அவர் கேமராவைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் ஊரெல்லாம் பரவின. அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளிக்கு முதலமைச்சரே அவர் ஊரான பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டா கொடுத்தார். நல்லது. ஆனால் வீடியோ எடுக்க ஆளில்லாத பந்திகள் எத்தனை என்று யோசிக்கிறேன்.

குறவன் குறத்தி ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரகாட்ட மேடைகளில் இடையே வருமே, இரட்டை அர்த்தமும் இடுப்பாட்டமுமாக. பெயரைப் பாருங்கள், ஒரு சமூகத்தின் ஆண், ஒரு சமூகத்தின் பெண். அந்த மேடைக்குக் கீழே அதே சமூகத்துப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், மறுநாள் வகுப்பில் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? இதைத்தான் குறவர் அமைப்புகள் நீதிமன்றத்தில் கேட்டன. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மார்ச்சில் அரசு அந்தப் பெயரிலான ஆட்டத்துக்குத் தடை போட்டது. எனவே கோவில் கொடை, திருவிழா ஏற்பாடு செய்கிறவர்களே, நோட்டீஸ் அச்சடிக்கும் முன் உஷார். ‘எப்பவும் போடுறதுதானே’ என்பது இனிமேல் பதில் ஆகாது.

கேலி எங்கே போய் முடியும் என்பதற்குக் கேரளத்தின் அட்டப்பாடி சாட்சி. கோவையிலிருந்து அதிக தூரமில்லை. ஆனைகட்டி தாண்டினால் வந்துவிடும். 2018 பிப்ரவரி 22, முக்காலி. மது என்ற பழங்குடி இளைஞர், மனநலம் குன்றியவர், காட்டில் தனியாகத் தங்கியிருந்தவர். கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி, காட்டுக்குள்ளிருந்து பிடித்து வந்து, அவருடைய கைலியாலேயே கைகளைக் கட்டி அடித்தார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றியபின் இறந்துபோனார். அடிப்பதற்கு நடுவே ஒருவன் செல்ஃபி எடுத்துக்கொண்டான். ஆளை ஆளாகப் பார்க்காமல் காட்சிப்பொருளாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்த நேரத்தில் செல்ஃபி எடுக்கத் தோன்றும். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. பதின்மூன்று பேருக்கு ஏழு வருடம்.

நம் பக்கத்தில் திருட்டு நடந்தால் போலீஸ் வண்டி முதலில் எந்தக் குடிசைக்குப் போகும் என்று விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து இருளர்களைக் கேளுங்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்கு அடிமைப்பட்டு உழைத்த அந்த மக்களுக்கு, பழைய திருட்டு வழக்குகளை முடித்துவைக்கும் இன்னொரு வேலையும் தலையில் விழுகிறது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே, திருட்டு வழக்கு விசாரணை என்று ஆண்களைப் பிடித்துப் போன இரவில், நான்கு இருளர் பெண்கள் போலீஸார் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டு என்று கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது 1993இல். அவர் திரும்பி வரவில்லை. ‘ஜெய் பீம்’ படத்தின் மூலம் அதுதான். ராஜாக்கண்ணு குறவர். படத்தில் இருளர் ஆகிவிட்டார். இருளர் படும் பாட்டை நாட்டுக்குக் காட்டிய படம் அது; அதன் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும், அடிபட்டுச் செத்த கதையில்கூட ஒரு சமூகத்தின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடிந்தது என்று குறவர்கள் வருத்தப்பட்டால், அந்த வருத்தத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது.

வசை மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. பாராட்டும் இருக்கிறது. இதில் முதல் குற்றவாளி என்னைப் போன்ற எழுத்துக்காரர்கள். மலைக்கு ஒரு நாள் போய்விட்டு வந்து ‘வெள்ளந்தி மனிதர்கள்’ என்று எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. வெள்ளந்தி என்றால் விவரம் தெரியாதவன் என்று அர்த்தம்; விவரம் தெரியாதவனுக்காக நாம் முடிவெடுக்கலாம் என்று அடுத்த அர்த்தம். அந்த வெள்ளந்தி ஆள் வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்கு மனு போட்டுவிட்டு, ‘என்ன ஆச்சு?’ என்று தாலுகா அலுவலகத்தில் குரலை உயர்த்திக் கேட்டால், உடனே ‘யாரோ தூண்டிவிடுறாங்க’ என்பார்கள்.

இருளர் என்றால் பாம்பு என்பதும் இப்படித்தான். உண்மையில் அது பெருமைப்பட வேண்டிய கதை. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்து போவது. அந்தச் சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள். இது இரண்டு வல்லுநர்களின் திறமை, ஒரு சங்கத்தின் பல வருட உழைப்பு. இதை ‘ரத்தத்திலேயே இருக்கு’ என்று சொன்னால் உழைப்பைப் பறித்துவிட்டோம். கல்லூரியில் படிக்கும் இருளர் பையன் ஒருவனிடம் ஹாஸ்டலில் பாம்பு வந்தால் உன்னைத்தான் கூப்பிடுவோம் என்று நண்பர்கள் சிரித்தார்களாம். அவன் என்னிடம் சொன்னான்: ‘எனக்குப் பாம்புன்னா செம பயம்க்கா. நான் பி.காம்.’

போன வருடம் ஒரு பள்ளி மாறுவேடப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். பாரதியார் ஆறு, ஔவையார் நான்கு, ஜான்சி ராணி இரண்டு. பிறகு ஒலிபெருக்கியில் ‘அடுத்து, ஆதிவாசி!’ என்றார்கள். யூகேஜி பிள்ளை. முகம், வயிறு, கால் எல்லாம் கரி பூசி, மேலே வெள்ளைப் புள்ளி வைத்து, இடுப்பில் அசோக இலை கட்டி, கையில் அட்டை ஈட்டி. மேடையில் நின்று ‘ஹூ ஹா’ என்று குதித்தது. அரங்கம் சிரித்தது. பாவம், கரி கண்ணில் பட்டு அழுதபடியே குதித்தது அந்தப் பிள்ளை. மதிப்பெண் தாளில் நான் என்ன போடுவது? பாரதியார் வேடம் போட்டால் பாரதியைப் பற்றி இரண்டு வரி சொல்ல வைக்கிறார்கள். இந்த வேடத்துக்கு மொழியே கொடுக்கவில்லை, வெறும் சத்தம்தான். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி 7,94,697 பழங்குடியினர் இருந்தார்கள்; தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், மலையாளி, காணிக்காரர், முதுவர் என்று முப்பத்தாறு சமூகங்கள். இதில் எந்தச் சமூகம் அசோக இலை கட்டிக்கொண்டு ‘ஹூ ஹா’ என்கிறது? நிர்வாகியிடம் கேட்டேன். ‘சும்மா ஃபன் மேடம்’ என்றார். அந்தப் பள்ளியின் இலவச இடங்களில் பழங்குடிப் பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று அடுத்துக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெற்றோர்களே, அடுத்த மாறுவேடப் போட்டிக்கு வாடகைக் கடையில் அந்த இலைப் பாவாடையை எடுத்துக் காட்டுவார்கள். ரெடிமேட், இருநூறோ முந்நூறோ வாங்குவார்கள். உஷாராக இருங்கள்.

ஃபோனை எடுத்துக்கொண்டு நரிக்குறவர் காலனிக்குள் போகும் யூட்யூப் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ‘இவங்க என்ன சாப்பிடுறாங்க தெரியுமா?’ என்று தலைப்பு போட்டு, அடுப்பு மேல் கேமராவை நீட்டி, முகத்தைச் சுளித்து ஒரு படம். பார்வை லட்சம் வரும். கூடவே வழக்கும் வரலாம். நரிக்குறவர்கள் இப்போது பட்டியல் பழங்குடியினர் என்பதால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, இழிவுபடுத்துவது, எழுத்தாலோ படத்தாலோ அந்த மக்கள் மேல் வெறுப்பைத் தூண்டுவது, இவை மூன்றும் தனித்தனிக் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. முன்ஜாமீனுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. ‘ஆன்லைன்ல போட்டது பொது இடம் ஆகாது’ என்று வாதாடிப் பார்த்தார் கேரளத்து யூட்யூபர் ஒருவர், ஒரு பழங்குடிப் பெண்ணை இழிவாகப் பேசிய வழக்கில். 2022இல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இணையத்தில் போட்டாலும் பொதுமக்கள் பார்வையில் போட்டதுதான் என்றது. அப்படியானால் இருநூற்றைம்பது பேர் இருக்கும் குடியிருப்புக் குழுவில் ‘திருடின குழந்தைதான்’ என்று எழுதியவர், அதற்குக் கட்டைவிரல் காட்டிய பதினேழு பேர், படத்தை அப்படியே விட்டுவைத்த அட்மின் எல்லாம் எங்கே நிற்கிறார்கள்? வக்கீல் நண்பரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லி நான் குழுவிலேயே எழுதினேன். அன்றிரவே படம் காணாமல் போயிற்று. மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல ரோஜாப்பூவோடு குட்மார்னிங் வந்தது.

உண்மையிலேயே ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் 1098 இருக்கிறது, 112 இருக்கிறது. இரண்டுக்கும் காசில்லை, படம் எடுத்துப் போட வேண்டியதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைக் கண்ணால் பார்த்தால் 14566. அந்தக் கடைசி எண்ணைக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். இரண்டே நாளில் அதன் மேல் யாரோ ஜிம் டிரெய்னர் விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். மறுபடி ஒட்டியிருக்கிறேன்.

பத்து நாளைக்கு அந்தப் பெண் நிறுத்தத்துக்கு வரவில்லை. பூக்கார அம்மாவிடம் கேட்டால், ‘அந்தப் பக்கம் ஸ்டேஷன்கிட்ட உட்காருது’ என்றார். போய்ப் பார்த்தேன். பேத்தி மடியில் இல்லை. பின்னால், சுவரோரம், வெளியே தெரியாதபடி உட்காரவைத்திருந்தார். நான் பாசிமணி எதுவும் கேட்கும் முன்பே அவராகப் பையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பேத்தியின் பிறப்புச் சான்றிதழ். அரசு மருத்துவமனை, தேதி, தாய் பெயர், தந்தை பெயர், லேமினேட் செய்தது. மூலைகள் அதற்குள் மழுங்கியிருந்தன.

‘இது ஒரிஜினல்க்கா. தொலைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு,’ என்றார். ‘கலர் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டா நம்புவாங்களா?’